வலி போன இடம்

படுத்தால் ஐந்தாவது நிமிடம் எனக்குத் தூக்கம் வந்துவிடும், ஐயா. இங்கே வந்த பிறகும் அப்படித்தான். நான் பிறரை உறங்கவைக்கிறவன் என்று நினைக்கிறீர்கள். உறக்கம் இல்லை அது. மனதை ஒரே இடத்தில் நிறுத்தவைப்பது. முன்பு வசியம் என்றார்கள், இப்போது அறிதுயில் சிகிச்சை என்று கௌரவமாகச் சொல்கிறார்கள்.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் மருத்துவமனையில் எனக்குக் கொடுத்த அறை மாடிப்படிக்குக் கீழே, உடைந்த கட்டில்களைப் போட்டுவைக்கும் இடம். "வித்தைக்காரர் வந்துட்டாரு, பர்ஸைப் பத்திரமா வச்சுக்கங்க" என்று மருத்துவர்கள் என் காதுபடவே சிரிப்பார்கள். முதலில் பல் மருத்துவர், ஊசிக்குப் பயந்த ஒருவரை அரைமனதாக அனுப்பினார். பிறகு பிரசவ வார்டு. பிறகு தீக்காய வார்டு. கட்டுப் பிரிக்கும்போது அலறாத நோயாளியைப் பார்த்துவிட்டுத் தலைமை மருத்துவரே என் அறைக்கு இறங்கி வந்தார். சென்ற வருடம் தனித் துறையே தொடங்கலாம் என்றார்கள். அதற்கு முன் நாள்பட்ட வலி தீர்ந்த ஒருவரை ஒரு குழு நேரில் வந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் என் தங்கை, மாதக்கணக்காக வயிற்று வலி என்று வந்தாள். தபால் அலுவலகத்தில் வேலை. சிறு வயதிலிருந்தே என் சொல்லுக்கு மறுபேச்சுப் பேசமாட்டாள். காரணம் தெரியாமல் வலியை மறைக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. அதை எழுதி என் அறைக் கதவில் ஒட்டியவனே நான்தான். ஆனால் பரிசோதனைக்கு அனுப்பினால் அவள் வேறொருவருடைய நோயாளி ஆகிவிடுவாள்.

மூன்றே அமர்வுகள். "வலி போன எடமே தெரியலண்ணா" என்று சிரித்தாள்.

ஆனால் இளைத்துக்கொண்டே போனாள். அவள் கணவர் என்னைத் தனியே அழைத்தார்.

"விரல்ல மோதிரம் நிக்க மாட்டேங்குது மச்சான். ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துரலாமா?"

"வலி இருந்தாத்தானே மாப்ள எடுக்கணும்?" என்றேன். நிம்மதியாகத் திரும்பிப் போனார்.

அடுத்த அமர்வில், அவள் கண்மூடி இருந்தபோது வயிற்றை அழுத்திப் பார்த்தேன். எலுமிச்சை அளவில் கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டது. குழு வர இன்னும் ஐந்து வாரம் இருந்தது. ஸ்கேன் என்றாலே அவளுக்குப் பயம். அந்தப் பயத்தைக் கொஞ்சம் வளர்த்துவிட்டேன். "யார் கூப்பிட்டாலும் போக வேணாம்னு தோணும்" என்று மெதுவாக மூன்று முறை சொன்னேன்.

குழுவின் முன் அமைதியாக உட்கார்ந்திருந்தாள். புறங்கையில் ஊசி ஏற்றினார்கள், இமைகூட அசையவில்லை. எழுந்து நின்று கைதட்டினார்கள்.

பன்னிரண்டாம் நாள், தபால்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். வயிற்றைத் திறந்த அறுவை மருத்துவர் ஒன்றும் செய்யாமல் தைத்துவிட்டு வெளியே வந்தார். "ரெண்டு மாசம் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தாக்கூடக் காப்பாத்தியிருக்கலாம். இவ்வளவு வலிய எப்படித் தாங்குனாங்க?" என்று கேட்டார். அவள் கணவர் என்னைப் பார்த்தார். அந்த நேரத்தில் எனக்குள் துக்கம் மட்டும் எழவில்லை. கொஞ்சம் பெருமையும் இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான்காம் நாள் இறந்துபோனாள். கொன்றது நான்தான், மறுப்பில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்த வாக்குமூலத்தில் ஒரே ஒரு திருத்தம், ஐயா. 'தவறான சிகிச்சை' என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசி மூச்சுவரை அவளுக்கு வலிக்கவே இல்லை.