ஷகீல் போட்ட முடிச்சு

ராத்திரி மணி ஒன்று இருக்கும். தாராவி தொண்ணூறு அடி ரோடு... பகலில் கால் வைக்க இடம் கிடைக்காத ரோடு, அப்போது ஈ காக்காய் இல்லாமல் கிடந்தது. மே மாதக் கடைசி. காற்று அசையவில்லை. ஷகீல் தோளில் பையோடு வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்.

யார் இந்த ஷகீல் என்கிறீர்களா? இதோ கதவோரம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறாரே இனாயத்துல்லா, அவருடைய தங்கை மர்யமின் புருஷன். தண்ணீர் வடியும்வரை பொழுது போகக் கதை வேண்டும் என்று கேட்டீர்கள். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள். நான் எதையாவது கூட்டிச் சொன்னால் இனாயத்துல்லா குறுக்கே பேசட்டும்.

ஆக... ரோடு. அந்த ரோட்டு நாய்கள் எல்லாம் ஷகீலுக்குப் பழக்கம். பட்டறையைப் பூட்டிவிட்டு வரும்போது பிஸ்கட் போடுவார், வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வரும். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. குரைக்கவும் இல்லை. ஒவ்வொன்றாக எழுந்து, சுவரோடு ஒட்டி நின்று... வழி விட்டன. அவரைப் பார்க்கவில்லை. அவருக்குக் கொஞ்சம் பின்னால் பார்த்தன.

அவர் திரும்பவில்லை. கையை மட்டும் முகர்ந்து பார்த்தார். சோப்புப் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவிய கை. வாடை போகவில்லை.

அந்த வாடை எங்கே ஒட்டியது என்று சொல்கிறேன். ஷகீலுக்குத் தோல் பை தைக்கும் பட்டறை. ஒரு நாள் அங்கே மாட்டுங்காவிலிருந்து வந்தனா மேடம் வந்தார். நம் தமிழ்க்காரர்தான். கடல் ஆராய்ச்சி வேலை. பெரிய சுறாக்களைத் தூண்டிலில் பிடித்து, படகோரம் கட்டி நிறுத்தி, முதுகுத் துடுப்பில் தீப்பெட்டி அளவு ஒரு கருவியைப் பூட்டி, திரும்பக் கடலிலேயே விட்டுவிடுவார்களாம். துடுப்பு தண்ணீருக்கு மேலே வரும்போதெல்லாம் கருவி சாட்டிலைட்டுக்குத் தகவல் அனுப்பும். மீன் போகிற வழியை மேடம் கம்ப்யூட்டரில் புள்ளி புள்ளியாகப் பார்ப்பார். கட்டும்போது கயிறு மீனின் தோலை அறுக்கிறது, அகலப் பட்டையில் வார் தைத்துத் தர முடியுமா என்று கேட்டுத்தான் வந்திருந்தார். ஷகீல் தைத்தார். சரியாக நிற்கிறதா என்று நேரில் பார்த்துவிடுங்கள் என்று மேடம் படகுக்கும் கூப்பிட்டுவிட்டார்.

ஷகீலுக்குக் கடல் என்றாலே பயம். அது மகள் சஃப்ரீனுக்கும் தெரியும். நாலு வயசு. ஒரே பிள்ளை, அவளென்றால் அவருக்கு உயிர். தொட்டில் கட்டிய பச்சைச் சேலையில் பாதியை அவள் விடாமல் வைத்திருந்தாள். அதைக் கண்மேல் போட்டால்தான் தூக்கம் வரும். ஓரம் பிரிந்துபோனதை ஷகீலே பட்டறை மெஷினில் ஆரஞ்சு நைலான் நூலால் அடித்துக் கொடுத்திருந்தார். படகுக்குக் கிளம்பியபோது அந்தத் துணியைச் சுருட்டி அவர் பையில் திணித்தாள். மீனை அவள் இந்தியில் மச்லி என்றுதான் சொல்வாள்.

"மச்லிக்குக் கண்ணு மேல போடுங்க வாப்பா. தூங்கிரும். உங்கள கடிக்காது."

வேடிக்கை என்னவென்றால், படகில் மேடமும் அதையேதான் சொன்னார். ஈரத் துணியால் கண்ணை மூடினால் சுறா அடங்கிவிடும். ஆனால் ஒன்று.

"மேல போட்டா போதும், ஷகீல் பாய். கட்டப்படாது. விடறச்சே அது தானா நழுவி விழுந்துடணும்."

விடிகிற நேரம் மீன் மாட்டியது. புலிச்சுறா. ஆட்டோ ரிக்‌ஷா நீளம் இருக்கும். படகை ஒட்டி இழுத்து, வாலிலும் நடு உடம்பிலும் ஷகீலின் வாரைப் போட்டு இறுக்கினார்கள். கண்ணுக்குப் போட்ட துண்டை முதல் அலையே அடித்துக்கொண்டு போனது. மீன் ஒரு துள்ளுத் துள்ளியது. படகே சாய்ந்தது. ஷகீல் அவசரத்தில் பையிலிருந்து மகளின் துணியை எடுத்து, நனைத்து, அதன் தலைமேல் போட்டார்.

அடங்கிவிட்டது. அவ்வளவு பெரிய உடம்பு... அப்படியே அசையாமல் கிடந்தது.

மேடம் துடுப்பில் குனிந்து துளை போட ஆரம்பித்தார். அலை வரும்போதெல்லாம் துணி நழுவியது. நழுவும்போதெல்லாம் மீன் திமிறியது. மேடத்தின் கை வேறு, அது திரும்பினால் வாய்க்கு எட்டுகிற தூரத்தில். ஷகீல் யோசிக்கவே இல்லை. கைக்குப் பழகிய வேலையைக் கை செய்துவிட்டது. துணியைத் தலையைச் சுற்றி எடுத்து இழுத்து ஒரு முடிச்சுப் போட்டார். அவர் இடதுகைக்காரர். அவர் போடும் முடிச்சு மற்றவர்கள் முடிச்சுக்குத் தலைகீழாக விழும். எவ்வளவு எடை தொங்கினாலும் பிரியாது. பட்டறையில் அதற்குப் பெயரே ஷகீல் முடிச்சுதான்.

கருவி ஏறியது. "விடுங்கோ!" என்று மேடம் கத்தினார். வாரைத் தளர்த்தினார்கள். மீன் ஒருமுறை புரண்டது... பச்சையாக ஏதோ தெரிந்தது... உள்ளே போய்விட்டது.

அப்போதுதான் ஷகீலுக்கு உறைத்தது.

மேடம் சந்தோஷத்தில் கை தட்டிக்கொண்டிருந்தார். ஷகீல் வாயைத் திறக்கவில்லை. அந்த இடத்தில் சொல்லியிருந்தால் படகைத் திருப்பித் தேடியாவது பார்த்திருப்பார்கள். எனக்கு இன்றைக்கும் அவர்மேல் அதுதான் கோபம்.

அன்றிரவு, அந்த நாய்களைத் தாண்டி வீட்டுக்குள் நுழைந்தபோது சஃப்ரீன் முழித்துக்கொண்டிருந்தாள்.

"மச்லி தூங்கிட்டா வாப்பா?"

"ஆமாம்மா. தூங்கிட்டு."

"என் துணி?"

"அதுட்ட இருக்கு."

பிள்ளை ஏணியில் ஏறிப் போனாள். மேல்தட்டில், உம்மா பக்கத்தில், கண்ணைத் திறந்துகொண்டே விடியும்வரை படுத்திருந்தாள்.

அதன் பிறகு ஷகீல் மேடத்துக்கு வாட்ஸாப் அனுப்பிக்கொண்டே இருந்தார், மீன் எங்கே இருக்கிறது என்று. பாவம், அக்கறை என்று மேடம் நினைத்துக்கொண்டார். ஒரு நாள் மேப்பைப் படம் எடுத்து அனுப்பினார். "விசித்திரமா இருக்கு பாய். எங்கயும் போகாம ஒரே இடத்துல சுத்திண்டே இருக்கு." புள்ளிகள் வட்டமாக விழுந்திருந்தன. வட்டத்துக்கு மேல் வட்டம். ஷகீல் அதைப் பார்த்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தார். 

ஜூலையில் புள்ளிகளும் நின்றுபோயின.

பிறகு அந்த மழை வந்தது. பகலெல்லாம் கொட்டியது. ராத்திரி கடலில் ஏற்றம். நாலாவில், அந்தப் பெரிய சாக்கடைக் கால்வாயில் போகிற தண்ணீர் கடலுக்குள் போக முடியாமல் திரும்பிச் சந்துக்குள் ஏறியது. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, இப்போது கீழே நிற்கிற மாதிரிதான். கரண்ட் இல்லை. மர்யமும் பிள்ளையும் மேல்தட்டில் தூங்கினார்கள். ஷகீல் கீழே, கட்டில்மேல் ஏறி உட்கார்ந்து, முழங்கால் அளவுத் தண்ணீரை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சாக்கடை நாற்றம். அதற்கு நடுவே... உப்பு வாடை. அவர் கையில் ஒட்டியிருந்த அதே வாடை.

தொப்.

சந்தின் கோடியில். தகரக் கதவில் ஏதோ இடித்தது. கையால் தட்டுகிற சத்தம் இல்லை. கீழே... தண்ணீர் மட்டத்தில்.

தொப்.

அடுத்த வீடு. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. ஒரு உராய்வு, சுவரோடு சுவராக. பிறகு அதற்கு அடுத்த வீடு.

"யாருலே அது? இந்த நேரத்துல கதவ இடிக்கது?" எதிர்வீட்டுப் பேச்சிராஜா உள்ளேயிருந்து கத்தினார். தொப். அவர் கதவு. உள்ளே அவர் கட்டில்மேல் ஏறுகிற சத்தம் கேட்டது.

ஷகீலுக்குத் தெரிந்துவிட்டது. கண் தெரியாத ஒன்று தடவித் தடவி வருகிறது. வாசனை பிடித்து வருகிறது. யாருடைய வாசனை? அந்தத் துணி நாலு வருஷமாக யார் முகத்தில் கிடந்தது?

தொப்.

அவர் கதவு. தாழ்ப்பாள் குலுங்கியது. மேல்தட்டிலிருந்து, தூக்கத்தில், சஃப்ரீன் குரல் தெளிவாக வந்தது.

"வாப்பா... அதுக்குக் கண்ணு தெரியல."

மறுபடி இடித்தது. கதவின் கீழ்ப் பலகை வளைந்தது. உள்ளே வந்தால் மேலே போக ஏணி ஒன்றுதான். ஷகீல் அழுதுகொண்டே இறங்கினார். பயத்தில் அழுதார், வெட்கமாக இல்லை அவருக்கு. ஓதத் தெரிந்ததையெல்லாம் ஓதினார். தோல் குத்துகிற குத்தூசியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். டார்ச்சை அணைத்தார், பார்த்தால் தைரியம் போய்விடும் என்று. கதவைத் திறந்து வெளியே போய்த் தன் பின்னால் சாத்திக்கொண்டார்.

இருட்டு. மழை. தண்ணீருக்குள் கையை விட்டார்.

ஒரு பக்கம் தடவினால் வழுவழு. மறுபக்கம் தடவினால் உப்புத்தாள். கை தேய்ந்துகொண்டே போனது... துணி தட்டுப்பட்டது. துணியைப் பிடித்துக்கொண்டே போனார்... முடிச்சு. அவர் முடிச்சு. ஊறி, இறுகி, கல்லாகக் கிடந்தது. நகத்துக்கு மசியவில்லை. குத்தூசியை உள்ளே விட்டு நெம்பினார். அவ்வளவு நேரமும் அது அசையாமல் நின்றது.

முடிச்சு பிரிந்தது. துணி கையோடு வந்தது.

அப்போதும் அது போகவில்லை. அவருக்கு முன்னால், தண்ணீருக்குள், அப்படியே இருந்தது. இருட்டில் எதுவும் தெரியவில்லை. ஆனால் அது பார்க்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. முதலில் அவரை. பிறகு கதவை.

தண்ணீர் ஒரு சுழி சுழித்தது. போய்விட்டது. வரும்போது வீட்டுக்கு வீடு இடித்துக்கொண்டு வந்தது, போகும்போது ஒரு கதவிலும் படவில்லை.

காலையில் மர்யம் துணியைப் பார்த்தாள். பச்சைச் சேலை, ஆரஞ்சு நூல். "இது கடல்ல போயிட்டுன்னு சொன்னீங்களே?" என்றாள். ஷகீல் எல்லாவற்றையும் சொன்னார். அவள் டெட்டால் போட்டு அலசிக் கொடியில் காயப்போட்டாள். ஷகீலுக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. முடிச்சை அவிழ்த்தாயிற்று, கணக்குத் தீர்ந்தது என்று நினைத்தார். அந்தத் தைரியத்தில்தான் மேடத்துக்குப் போன் போட்டு, துணியைக் கட்டியது நான்தான் மேடம் என்று ஒப்புக்கொண்டார்.



"நீங்கதானா?" என்றார் மேடம். "நானே கேக்கணும்னு இருந்தேன். அந்த மீன் குஜராத் பக்கம் செத்துக் கரை ஒதுங்கிடுத்து, பாய். போன வாரமே. நான்தான் போய்ப் பார்த்தேன். துணி கண்ணுலயே இருந்தது. முடிச்சு பிரியல, கத்தரியால வெட்டி எடுத்தேன்."

போட்டோ அனுப்பினார். மணலில் அழுகிக் கிடந்த மீன். பக்கத்தில் வெட்டிய துணி. பச்சை. ஓரத்தில் ஆரஞ்சு நூல். முடிச்சு அப்படியே, தலைகீழாக.

ஷகீல் நிமிர்ந்து பார்த்தார். கொடியில் துணி ஆடிக்கொண்டிருந்தது.

அப்படியென்றால், அன்றிரவு அவர் முடிச்சை அவிழ்த்து எதன் கண்ணைத் திறந்துவிட்டார்?

அன்றைக்கே அந்தத் துணியைக் கல்லில் சுற்றி மாகிம் காடியில், அந்த உப்புக் கழியில் போட்டார். தாராவி வீட்டைக் காலி செய்துவிட்டு, செம்பூர்ப் பக்கம் திலக் நகரில் மூன்றாவது மாடியில் வாடகைக்குப் பிடித்தார். தண்ணீர் எத்தனை வந்தாலும் அங்கே ஏறாது. பட்டறையில் அவர் முடிச்சுப் போடுவதையும் விட்டுவிட்டார். யாராவது முடிச்சுப் போடச் சொன்னால் நூலை அடுத்தவர் கையில் கொடுத்துவிடுவார்.

மழைக்காலம் முடிந்தது. அக்டோபர் வெயில். ஒரு நாள் விடியுமுன் சுபுஹுத் தொழுகைக்கு எழுந்தார். உப்பு வாடை. கதவில் தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருந்தது. திறந்தார்.

மாடிப்படி ஈரமாக இருந்தது. கைப்பிடியில் தொற்றி எட்டிப் பார்த்தார். கீழே தெருவிலிருந்து ஒரே தாரையாக ஏறி வந்திருந்தது அந்த ஈரம். முதல் மாடியில் நிற்கவில்லை. இரண்டாவது மாடியில் நிற்கவில்லை. பக்கத்து வீட்டு வாசல் காய்ந்து கிடந்தது. எங்கேயும் தடவவில்லை. நேராக அவர் வாசலுக்கு.

மெதுவாகத் திரும்பி, உள்ளே தரையைப் பார்த்தார். அங்கேயும் ஈரம். மர்யம் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளைத் தாண்டி... பிள்ளையின் பாய் வரைக்கும்.

சஃப்ரீன் எழுந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் பச்சைத் துணி. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஷகீல் மண்டியிட்டு, இடது கையால் அவள் தலைக்குப் பின்னால் தொட்டுப் பார்த்தார். முடிச்சு. கல்லாக இறுகிய முடிச்சு. தலைகீழாக விழுந்திருந்தது.

கை பட்டதும் பிள்ளை அவர் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"மேல போட்டா போதும்னு சொன்னேன் வாப்பா... அது கேக்கல. கட்டிருச்சு."