புகைக்கு ஒரு வழி

"கூரையில ஒரு ஓட்டை வச்சா புகை போயிடுமே?" என்று கேட்டேன்.

"வர்றவங்க எல்லாரும் இதைத்தாங்க கேக்கறாங்க," என்று சிரித்தாள் என் மனைவி. "ஓட்டை வச்சா காத்து இழுக்கும். காத்து இழுத்தா நெருப்புப் பொறி நேரா கூரைக்குப் போகும். இப்போ புகை கூரைக்குக் கீழே தேங்கி நிக்குது பாருங்க, அதுல மாட்டுற பொறி அப்பவே செத்துடும். இந்த வீட்டைக் காப்பாத்தறதே புகைதான்."

"உன் கண்ணை யாரு காப்பாத்தறது?"

"அதுக்குத்தான் நீங்க கண்ணாடிக் கடை வச்சிருக்கீங்களே."

நல்ல பதில். நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் வராது சார். தெருவில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கிறவனுக்குக் கை நடுங்கக் கூடாது. கோபம் வந்தால் கை நடுங்கும்.

அவள் வேலை பார்க்கும் அருங்காட்சியகத்தின் பின்னால் இருந்த அந்தக் கற்கால மாதிரி வீட்டை, அது எரிந்த பிறகுதான் நீங்கள் பார்த்திருப்பீர்கள். மண்ணைத் தோண்டியபோது தெரிந்த, அந்தக் காலத்தில் கம்பம் நட்ட குழிகளை வைத்து, சுவர் இங்கே, வாசல் இங்கே என்று என் மனைவிதான் யோசித்துக் கட்டினாள். வட்டமான வீடு. நாணல் கூரை. நடுவில் அடுப்பு. குனிந்து நுழைய ஒரே ஒரு வாசல். களிமண்ணும் வைக்கோலும் பிசைந்து சுவரைத் தன் கையாலேயே பூசினாள். அவள் விரல் பதிந்த தடம் சுவர் முழுக்க இருந்தது. எங்கள் வீட்டில் படம் மாட்ட ஆணி எங்கே அடிப்பது என்று கேட்டால், "உங்க இஷ்டம்" என்பாள்.

எங்கள் சமையலறையில் நான் ஒரு சிம்னி வாங்கி மாட்டியிருக்கிறேன். அவள் கண்ணில் புகை படக் கூடாது என்றுதான் வாங்கினேன். அதன் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட அவள் இன்னும் உரிக்கவில்லை. காலையில் கிளம்பிப் போய், வேண்டுமென்றே புகைக்குள் உட்கார்ந்துவிட்டு, தலைமுடியில் அந்த வாசனையோடு வருவாள். தலையணை உறையைத் துவைக்கிறவன் நான். துவைத்தேன். முகம் சுளித்ததில்லை.

அவளிடம் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்க நினைத்திருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து வாயில் வைத்துக்கொண்டே இருந்தேன், கேட்கவில்லை. கேட்காததால்தான் என் மாமியார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார், "என் மாப்பிள்ளை தங்கம். அவ இஷ்டத்துக்கு விட்டிருக்காரு" என்று. தங்கம் என்று பெயர் எடுத்துவிட்டால் பிறகு எதையும் கேட்க முடியாது சார். கடைக்கு வருகிற சிநேகிதன் ஒருவன் மட்டும், "என்னப்பா, உன் பொண்டாட்டி கற்காலத்துல குடித்தனம் பண்றா, நீ இங்க தனியா என்ன பண்றே?" என்பான். அவனுக்கும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நானே போய்ப் பார்வையாளர்களோடு வரிசையில் நின்றேன். அவளுக்குச் சொல்லவில்லை. தோல் போர்வையைச் சுற்றிக்கொண்டு அடுப்பருகே உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. முகமோ, எங்கள் வீட்டில் நான் பார்த்தே இராத முகம்.

ஒரு அம்மாள் கேட்டார், "ஏம்மா, பொம்பளைதான் மாவரைச்சா, பொம்பளைதான் சுவர் பூசினா, எல்லாம் சரி. இந்த வீட்டுல ஆம்பளைக்கு என்ன வேலை?"

"தோண்டிப் பாத்ததுல ஒண்ணும் கிடைக்கல அக்கா," என்றாள் என் மனைவி. "சும்மா வாசல்ல நின்னிருப்பான்."

எல்லாரும் சிரித்தார்கள். அப்போதுதான் வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு இன்னும் அதிகமாகச் சிரித்தாள். என் கை நடுங்கவில்லை. பார்த்துக்கொண்டேன்.

மத்தியானம் எல்லாரும் கேன்டீனுக்குப் போனார்கள். அவளும் போனாள். கூரைக்கு ஒட்டுப் போடுகிறவர்கள் பின்பக்கம் ஏணியை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஏறினேன். உச்சியில் நாணலை இரண்டு பக்கமும் விலக்கி, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வழி செய்தேன். புகை ஒரு பெருமூச்சு மாதிரி வெளியே வந்தது. கூரை எரியும் என்று தெரியுமா என்று நேற்று விசாரணையில் கேட்டீர்கள். தெரியும். அவளே சொல்லிக் கொடுத்தது. ஆனால் அந்த நேரத்தில் நான் அவள் கண்ணைத்தான் நினைத்தேன்.

அவள் திரும்பி வந்தபோது உள்ளே புகை குறைந்திருந்தது. "காத்து நல்லா இருக்கு இன்னைக்கு," என்றாள். மேலே பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கோவமா? அது சும்மா தமாஷுங்க."

"எனக்கு என்ன கோவம்? நீ உட்காரு, அடுப்பை நான் பாத்துக்கறேன்," என்றேன். காய்ந்த சுள்ளிகளை ஒரு கை நிறைய அள்ளிப் போட்டேன். பிறகு இன்னொரு கை. பிறகு எழுந்து வாசலுக்கு வந்து நின்றேன்.

நாணல் எரிகிற சத்தம் மழைச் சத்தம் மாதிரி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவள் குனிந்தபடி வாசலுக்கு ஓடி வந்தாள். நான் நகரவில்லை என்று அருங்காட்சியகக் காவலாளி உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார். பொய் சொல்ல அவருக்கு அவசியம் இல்லை. அவள் என் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினாள், பேர் சொல்லிக் கூப்பிட்டாள். மேலிருந்து விழுந்ததையெல்லாம் அந்தக் கைகளால்தான் தடுத்தாள். காவலாளி என்னை இழுத்துத் தள்ளும்வரை நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அந்த வீட்டில் எனக்கென்று அவள் கொடுத்த வேலை அது ஒன்றுதானே.

பிழைத்துக்கொண்டாள். கைகள் மட்டும் இனி மண் பிசையாது என்று டாக்டர் சொன்னார். இரண்டு கையிலும் முழங்கைவரை கட்டு. நீங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முந்தைய நாள்வரை நான்தான் சூப் ஊட்டினேன், முகம் துடைத்தேன், தலை வாரினேன். தலைமுடியில் மருந்து வாசனைதான், புகை இல்லை. மாமியார் கதவருகே நின்று, "தங்கம், தங்கம்" என்று அழுதார். என் மனைவி கண்ணை என் மேலிருந்து எடுக்கவே இல்லை. அவ்வளவு நேரம் அவள் என்னைப் பார்த்ததே கிடையாது. எனக்கு நிறைவாக இருந்தது சார்.

அதனால், இத்தனை வருஷமாக வாயில் வைத்திருந்ததை அன்றைக்கு அவள் உதட்டோரம் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன். கட்டாயப்படுத்தவில்லை, குரலை உயர்த்தவில்லை. கெஞ்சித்தான் கேட்டேன்:

"இனிமே வேலைக்குப் போக வேண்டாம்மா. எனக்காக வீட்டுல இரேன்."