முப்பத்திரண்டு அங்குலமும் பக்கத்து சீட் பிரேக்கும்

“…மூலைக்கு மூலை அளக்கணும் மேடம்! இருபத்தேழு இன்ச்சுன்னா அகலம் இருபத்தேழுன்னு நினைச்சுக்கிட்டு கடைக்குப் போறாங்க பாருங்க, அவங்களுக்கெல்லாம் எதுக்கு மானிட்டரு? டேப்பைக் கோணல்ல பிடிக்கணும். நான் இதையெல்லாம் கரைச்சுக் குடிச்சவன். ஆனா யார் கேக்கறாங்க? என் வீட்டுல என் பேச்சுக்கு என்ன மரியாதைங்கறீங்க… கிளட்ச்! கிளட்ச்ச மிதிங்க! சிக்னல் வருதுல்ல?”

சிக்னல் இன்னும் ஐம்பது அடிக்கு அப்பால் இருந்தது. ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த அந்த அம்மையார் ஏற்கெனவே கிளட்ச்சை மிதிக்கத் தொடங்கியிருந்தார். அது தெரியாமல் ஓட்டுநர் பயிற்சியாளர் தம் பக்கத்துப் பிரேக்கையும் ஓங்கி மிதிக்க, கார் ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. பதினேழு ஆண்டுகளாகப் பக்கத்து இருக்கையில் அமர்ந்து ஊராருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். அவருடைய வலக்காலுக்கும் அந்தப் பிரேக்குக்கும் இடையே இருந்த உறவு, தாலி கட்டிய உறவைவிட நெருக்கமானது.

“பாத்தீங்களா, ஆஃப் ஆயிடுச்சு. பதட்டப்படாதீங்க மேடம். நீங்க மருந்துக்கடையில மாத்திரை எண்ணும்போது கை நடுங்குதா? இல்லல்ல? அதே மாதிரிதான். திங்கக்கிழமை டெஸ்ட்டு. ரெண்டு தடவை ஃபெயில் ஆயிட்டீங்க. மூணாவது தடவையும் ஆச்சுன்னா என் மானம் கப்பலேறிடும். ஸ்டார்ட் பண்ணுங்க. நேரா… நேரா போங்க. மைதானத்துக்கு அந்தப் பக்கம் திரும்பணுந்தான், ஆனா இன்னிக்கு நேரா போறோம். கடைத்தெரு வழியா. கூட்டத்துல ஓட்டினாத்தான் பழகும்…

“சரி, மறைப்பானேன், எனக்கு அங்க ஒரு வேலை. மானிட்டர் வாங்கணும். இன்னொண்ணு. அஞ்சு மணிக்குள்ள வீட்டுல இருந்தாகணும், அஞ்சு மணிக்கு எனக்கு டெஸ்ட்டு! சிரிக்காதீங்க. நெசமாத்தான். நாளைக்கு ஃபைனல். நாங்க நாலு பேர் டீம் மேடம், மூணு வருஷமா கம்ப்யூட்டர்ல ஆடறோம். நான்தான் கேப்டன். ஒரு தீவுல குதிச்சு, கடைசி வரைக்கும் உசுரோட இருக்கணும், அதான் ஆட்டம். இப்ப என்னடான்னா, நாலாவது ஆளு நானா, எங்க வீட்டம்மாவான்னு இன்னிக்கு அஞ்சு மணிக்கு முடிவு பண்றாங்களாம்! கேப்டனையே! என் டீம்! நான் பொறுக்கி எடுத்த பசங்க!”

முன்னால் சென்ற ஸ்கூட்டர்காரர் இந்த அநியாயத்தைக் கவனிக்காமல் வலப்புறம் திரும்பினார். அம்மையார் மெல்ல வேகத்தைக் குறைத்து வழிவிட்டார்.

“வேகத்தைக் குறைங்க! ஸ்கூட்டர்! ஆங்… ஆங், அப்படித்தான். நான் சொல்லலன்னா என்ன ஆகியிருக்கும்? எங்க விட்டேன்? ஆங், மானிட்டர்.

“மொதல்ல என்கிட்ட இருந்தது பத்தொன்பது இன்ச்சு. சதுரமா இருக்கும், பழைய பிஸ்கட் டின்னு மாதிரி. அதுல எதிரி எறும்பு சைஸுக்குத் தெரிவான். சுட்டா, புல்லைச் சுட்ட மாதிரி இருக்கும். சரி, பெருசா வாங்குவோம்னு வீட்டுல கேட்டேன். ‘எதுக்கு?’ன்னா. விளையாடறதுக்குன்னு சொன்னா விடுவாளா? ‘அன்றாட உபயோகத்துக்கு’ன்னேன். இந்த வார்த்தை இருக்கு பாருங்க மேடம், இதை நான் சொல்லியிருக்கவே கூடாது. ‘உன் லேப் ரிப்போர்ட்டெல்லாம் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கலாம், எழுத்து பெருசா தெரியும், கண்ணு வலிக்காது, குடும்பத்துக்கே ஆகும்’னு அள்ளி விட்டேன். வாயி! வாயிதான் எனக்கு எமன்.

“அப்புறம் ஒரு மாசம் அலசினேன். சும்மாவா? இருபத்திநாலா, இருபத்தேழா, முப்பத்திரண்டா? முப்பத்திரண்டு நல்லாத்தான் இருக்கும், ஆனா என் மேஜைக்கும் எனக்கும் நடுவுல ரெண்டடிதான். அவ்ளோ கிட்ட உக்காந்தா, ரெண்டு பக்கக் கண்ணாடியையும் மாத்தி மாத்திப் பாக்கற மாதிரி கழுத்தைத் திருப்பிக்கிட்டே இருக்கணும். அதுலயும் புள்ளி கம்மியான திரையா இருந்தா எழுத்தெல்லாம் பிசிறடிக்கும். புள்ளி ஜாஸ்தியா, ஃபோர் கே வாங்கினா, என் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கும். சின்ன இஞ்சினை வச்சுக்கிட்டு பஸ்ஸ இழுக்கற கதை. அப்புறம் ஹெர்ட்ஸ். ஒரு செகண்டுக்குப் படம் எத்தனை தடவை மாறுதுங்கறது. அறுபது இருந்தா லேப் ரிப்போர்ட்டுக்குப் போதும், சுடறதுக்கு நூத்தி நாப்பத்திநாலு வேணும். கடைசியா இருபத்தேழு, நூத்தி நாப்பத்திநாலு, ஏத்தி எறக்கற ஸ்டாண்டு. சீட்டு அட்ஜஸ்ட் பண்ணாம வண்டி எடுக்கலாமா? அதே மாதிரிதான் ஸ்டாண்டும். கண்ணுக்கு நேரா திரையோட மேல் விளிம்பு… மேடு! மேடு மேடம்! செகண்டு போடுங்க!”

அம்மையார் இரண்டாம் கியருக்கு மாற்றிக்கொண்டிருந்தபோதே இந்த ஆணை வந்தது. கூடவே பக்கத்துப் பிரேக்கும் விழுந்தது. கார் வேகத்தடையின் உச்சியில் ஏறி, அங்கேயே உயிரை விட்டது. பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் ஒரே குரலில் கூச்சலிட்டன.

“திரும்பவும் ஆஃப் பண்ணிட்டீங்களே! ஏய், இருய்யா, எல் போர்டு தெரியல? நீ என்ன பொறக்கும்போதே ஸ்டியரிங்கோட பொறந்தியா?… நீங்க எடுங்க மேடம். மெதுவா. ஹாஃப் கிளட்ச். இன்னும் கொஞ்சம் விடுங்க… விடாதீங்க! விடுங்க! ஆங்.

“வாங்கி வச்சேன். பத்து நாள் ராஜா மாதிரி ஆடினேன். பதினோராம் நாள் பாருங்க, ஆட்டத்து நடுவுல போன். கிளட்ச் ஒயரு அறுந்து நடுரோட்டுல நிக்கறேன்னு நம்ம டிரைவிங் பள்ளிக்கூட வண்டிக்காரன். எங்க வீட்டம்மா ரிப்போர்ட் பாக்கணும்னு பின்னால நின்னுக்கிட்டு இருந்தா. ‘ரெண்டே நிமிஷம், இந்த மவுச பிடி, எதையும் தொடாத’ன்னு சொல்லிட்டு வெளிய போனேன். திரும்பி வந்தா, மூணு பேரைச் சாய்ச்சிருக்கா! மூணு பேரு! காபி ஆத்தற மாதிரி முகத்தை வச்சுக்கிட்டு!

“அவ லேப்ல ரத்தம் எடுக்கறவ மேடம். உங்களுக்குத் தெரியுமே, அவங்களுக்கெல்லாம் கை எப்படி இருக்கும்னு. அழற குழந்தையோ, நரம்பே தெரியாத ஆளோ, யாரா இருந்தாலும் ஒரே குத்து. எடுத்தாச்சு, பஞ்ச வை, அடுத்த ஆளு. ஆட்டத்துலயும் அதேதான். குத்து வாங்கினவனுக்கே தெரியாது. எங்க டீம்ல சுத்தியல்னு ஒருத்தன், லாரி ஆபீஸ்ல வேலை. அவன் கேக்கறான், ‘அண்ணே, இப்ப ஆடினது யாரு?’ நான்தான்டான்னு சொல்லியிருக்கலாம். ‘எங்க வீட்டம்மா, நான்தான் கத்துக்குடுத்தேன்’னு பெருமை பீத்திக்கிட்டேன். அன்னிக்குப் பிடிச்சது சனியன்.

“அப்புறம் அவ தினமும் உக்கார ஆரம்பிச்சா. கேட்டா, ‘நீங்கதானே அன்றாட உபயோகத்துக்குன்னு சொன்னீங்க’ங்கறா! எனக்கு அந்த லேப்டாப்பு. பள்ளிக்கூட ஆபீஸ்ல கிடந்தது, பதினஞ்சு இன்ச்சு. கூன் விழுந்து ஆடறேன். அவ ராணி மாதிரி இருபத்தேழுல. இது நியாயமா? சொல்லுங்க. அதான் முப்பத்திரண்டு வாங்கி லேப்டாப்புல சொருகிட்டு, அஞ்சு மணிக்கு அவளுக்குப் பக்கத்துலயே உக்காந்து காட்டப்போறேன், கேப்டன்னா யாருன்னு. மேஜை குறுகலா இருந்தா என்ன, நாற்காலியைப் பின்னால இழுத்துப் போட்டுக்கறேன்.”

கடைத்தெரு நெருங்கியது. தள்ளுவண்டிகளும் சைக்கிள்களும், நடைபாதையைவிடச் சாலையே வசதி என்று நம்பும் பொதுமக்களும் எதிர்ப்பட்டனர். அம்மையாரின் கண்கள் சாலையையும், இரு கைகளும் ஸ்டியரிங்கையும் விட்டுப் பிரியவில்லை. தம் பேச்சில் அவர் கட்டுண்டு கிடக்கிறார் என்றே பயிற்சியாளர் நம்பினார்.

“என்ன பாக்கறீங்க? நான் தோக்கறதுக்குச் சின்னத் திரைதான் காரணமான்னுதானே? அதேதான் அவளும் கேட்டா. ‘சரி, மாத்திக்கலாம்’னு போன வாரம் அவ லேப்டாப்பை எடுத்துக்கிட்டா, என்னைப் பெருசுல உக்கார வச்சா. நான் மூணாவது நிமிஷம் அவுட்டு. அவ… அவ அந்தப் பதினஞ்சு இன்ச்சுல… கடைசி வரைக்கும் இருந்தா. அது வேற விஷயம். அன்னிக்கு எனக்கு ஜலதோஷம்.

“அதுவும் இல்லாம, நான் அவுட் ஆன உடனே அவளுக்கு வழி சொல்ல ஆரம்பிச்சேன்ல. ‘எடப்பக்கம் பாரு, குனி, ஓடு, ஓடாத’ன்னு. நான் சொல்லாம யார் சொல்லுவா? கேப்டன் வேலை அதுதானே? இந்தப் பசங்க என்ன பண்ணாங்க தெரியுமா? என் குரலை அணைச்சுட்டாங்க! மைக்க மூடிட்டாங்க! சுத்தியல் எழுதி அனுப்பறான், ‘அண்ணே, நீங்க பேசும்போது எங்களுக்கு எதிரி நடக்கற சத்தம் கேக்கல’ன்னு. மூணு வருஷமா கேக்கலையாம்! இப்பத்தான் சொல்றான்! எங்க வீட்டம்மா இருக்காளே, அவ இன்னும் ஒரு படி மேல. ‘நீங்க பேசறதுகூடப் பரவால்ல, நான் ஒவ்வொரு தடவை ஓடும்போதும் தரையை ஓங்கி மிதிக்கறீங்க, மேஜை ஆடுது, குறி தப்புது’ங்கறா. மிதிக்கறேனாம்! நான் எங்க மிதிக்கறேன்? பழக்கம் மேடம், கால் தானா… நிறுத்துங்க! நிறுத்துங்க! கடை வந்தாச்சு!”

இம்முறையும் நிறுத்தியது அவர்தான்.

“ரெண்டே நிமிஷம். இஞ்சின் ஓடட்டும். எதையும் தொடாதீங்க.”

கதவை அறைந்து சாத்திவிட்டுக் கடைக்குள் நுழைந்தார். சுவர் முழுவதும் திரைகள். எல்லாவற்றிலும் ஒரே நீர்வீழ்ச்சி, சிறிதும் பெரிதுமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு மேஜை மேல் இருந்த முப்பத்திரண்டு அங்குலத்தின் எதிரே அவர் நின்று, இரண்டடி தொலைவை மனத்தால் அளந்து, கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வெளியே ஒரு சரக்கு வண்டி பொறுமையிழந்து அலறியது. பள்ளிக்கூடக் கார் அதன் வழியை அடைத்துக்கொண்டு நின்றது.

கண்ணாடிச் சுவர் வழியே அவர் பார்த்தார். கார் நகர்ந்தது.

“ஐயோ! மேடம்! தொடாதீங்கன்னு… பிரேக்! பிரேக்! வலதுக்கு ஒடிங்க! வேணாம், ஒடிக்காதீங்க!”

கடையின் தடித்த கண்ணாடி அவருடைய குரலை மிகுந்த மரியாதையுடன் உள்ளேயே வைத்துக்கொண்டது. கார் ஐந்தாறு அடி முன்னே சென்று நின்றது. அங்கே ஓரமாக, ஒரு பெயிண்ட் கடை வேனுக்கும் ஒரு நீளக் காருக்கும் இடையில், நம் கார் நுழையுமோ நுழையாதோ என்னும்படியான ஓர் இடைவெளி இருந்தது. இரண்டு தேர்விலும் அந்த அம்மையாரைக் கவிழ்த்தது இத்தகைய இடைவெளியே. பின்விளக்கு வெள்ளையாக ஒளிர்ந்தது. கார் பின்னோக்கி வளைந்தது; ஓரிடத்தில் தயங்கி யோசித்தது; பிறகு, உறைக்குள் மூக்குக்கண்ணாடியைச் செருகுவதுபோல அந்த இடைவெளிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. ஒரு தடவைகூட அணையவில்லை.

கழுத்தில் அட்டை தொங்கவிட்ட விற்பனையாளர் அருகில் வந்தார். “சார், கேமிங்குக்கா, வீட்டு உபயோகத்துக்கா?”

“பாத்தீங்களா தம்பி? பாத்தீங்களா அந்த மேடத்தை? ரெண்டு தடவை ஃபெயில் ஆனவங்க! எப்படி ரிவர்ஸ் எடுத்துச் சொருகினாங்க பாத்தீங்களா? நான்தான் கத்துக்குடுத்தேன்! ரெண்டு மாசமா, பக்கத்துலயே உக்காந்து, ஒவ்வொரு அடிக்கும் சொல்லிச் சொல்லி… ரெண்டு மாசமா வராதது, இப்ப… நான் ஒரு வார்த்தை சொல்லல, பிரேக்கத் தொடல. நான் பாட்டுக்கு இங்க நின்னேன், அவங்க பாட்டுக்கு…”

அவர் நிறுத்தினார். இப்போதைய நிறுத்தத்தில் குலுக்கல் இல்லை. குனிந்து பார்த்தார். அவருடைய வலக்கால், கடையின் பளிங்குத் தரையைத் தன் முழு பலத்தோடு மிதித்துக்கொண்டிருந்தது. பக்கத்து மேஜையில் முப்பத்திரண்டு அங்குல நீர்வீழ்ச்சி இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

கதவு திறந்தது. அம்மையார் உள்ளே வந்து, சாவியை அவருடைய உள்ளங்கையில் வைத்துவிட்டு வெளியேறிக் கூட்டத்தில் கலந்துபோனார்.

பயிற்சியாளர் சாவியைச் சட்டைப்பையில் போட்டார். பிறகு கைப்பேசியை எடுத்தார்.

“நான்தான். இந்தா பாரு, அஞ்சு மணிக்கு டெஸ்ட்டெல்லாம் ஒண்ணும் வேணாம். நாளைக்கு நீயே ஆடு. சுத்தியல்கிட்டயும் சொல்லிடு… ஜொரமெல்லாம் இல்ல. நல்லாத்தான் இருக்கேன்… நான் என்ன பண்ணப் போறேனா? பக்கத்துல உக்காந்து பாக்கறேன்… பேச மாட்டேன். சத்தியமா. வாயில வேணும்னா உன் லேப் பிளாஸ்திரியை ஒட்டிக்கோ… காலா? காலுக்கு… சரி, அதுக்கும் ஏதாவது வழி பண்றேன், வை.”

விற்பனையாளர் பணிவாகக் காத்திருந்தார். “அப்ப, முப்பத்திரண்டு இன்ச் பேக் பண்ணட்டுங்களா சார்?”

“மானிட்டர் வேணாம் தம்பி. உயரமா ஒரு ஸ்டூல் இருக்கா உங்ககிட்ட? உக்காந்தா கால் தரையில எட்டக்கூடாது.”