நத்தர்ஷா திருமயம் வரைக்கும் போன காரியம்

நாளைக்கு வார்டுல கால் வைக்கப்போற நர்ஸ் பிள்ளைங்க நீங்க. உங்களுக்கு இப்போ நான் ஒரு மோட்டார் சைக்கிள் கதை சொல்லப்போறேன்... சின்னதுதான், கேளுங்க.

திருச்சியில நத்தர்ஷான்னு ஒரு மெக்கானிக். அவர்கிட்ட ஞானசேகர்னு ஒருத்தர் வண்டியைக் கொண்டு வந்தார். தொலைதூரம் போறதுக்குன்னே செஞ்ச கனமான வண்டி, இருபது வருஷப் பழசு. அவரும் சம்சாரம் எழிலரசியும் அதுலதான் ஊர் ஊரா சுத்துவாங்க. ஒரு நாள் பள்ளத்துல விட்டு ரெண்டு பேரும் விழுந்துட்டாங்க. அந்தம்மாவுக்குத் தோள் எலும்பு முறிஞ்சுது. வண்டிக்கு முன் ஃபோர்க் வளைஞ்சுது. ஃபோர்க்னா என்ன? முன் சக்கரத்தை ரெண்டு பக்கமும் பிடிச்சு நிக்கிற குழாய். அது நழுவுச்சுன்னா... சக்கரம் ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம்!

அந்தம்மாவோட எலும்பு ஒண்ணு சேர நாலு மாசம் ஆச்சு. அதுக்குள்ள நத்தர்ஷா அதே மாடல் ஃபோர்க் ஒண்ணைக் கோயம்புத்தூர்ல தேடிப் பிடிச்சு மாட்டிட்டார். ஒரு காலையில புருஷனும் பொண்டாட்டியும் ராமேஸ்வரம் கிளம்பிட்டாங்க.

அவங்க போய் அரைமணி நேரம். நத்தர்ஷா கையைத் துடைக்கிறார்... அப்படியே நின்னுட்டார். 'ஃபோர்க்கை நழுவ விடாம கவ்விப் பிடிக்கிற கீழ் கிளாம்ப் போல்ட் ரெண்டையும் முடுக்கினேனா?' முடுக்கற நேரத்துல நடுவுல ஒரு போன் வந்துச்சு. பேசிட்டு வந்து முடுக்கினாரா? ஞாபகமே இல்ல!

ஞானசேகருக்குப் போன் அடிக்கிறார்... எடுக்கல. வண்டி ஓட்டுறவர் எப்படி எடுப்பார்? பக்கத்து டயர் கடைக்காரர் சொல்றார், "விடுங்க பாய், முடுக்கியிருப்பீங்க. வீணாப் போய்ச் சொல்லி பேரைக் கெடுத்துக்காதீங்க."

நத்தர்ஷா ஸ்பேனரை எடுத்தார், தன் வண்டியை மிதிச்சார். புதுக்கோட்டை தாண்டி... திருமயத்துல ஒரு டீக்கடை வாசல்ல அந்த வண்டி நிக்குது!

"சார், தொடாதீங்க!" மண்ணுல மண்டி போட்டார். முதல் போல்ட்... இறுக்கமா இருக்கு. ரெண்டாவது... அதுவும் இறுக்கம். ஒரு குறையும் இல்ல.

ஞானசேகருக்குக் கோவம். "என்ன பாய், இவ்வளவு தூரம் துரத்திட்டு வந்து ஒண்ணுமில்லங்கறீங்க?"

"மன்னிச்சிருங்க சார்... சந்தேகம் வந்துருச்சு."

அப்போ எழிலரசி எழுந்து வந்தாங்க. "அவரை ஏங்க திட்டறீங்க? காலையிலேர்ந்து ஒவ்வொரு பள்ளத்துக்கும் எனக்கு உயிர் போய் உயிர் வந்துச்சு. வீட்டுக்கே திரும்பிடலாம்னு சொல்லத்தான் இங்க நிறுத்தச் சொன்னேன்." நத்தர்ஷா பக்கம் திரும்பினாங்க. "பாய், டீ குடிச்சுட்டுப் போங்க. நாங்க ராமேஸ்வரம் போறோம்."

பிள்ளைங்களா... போல்ட் சரியாத்தான் இருந்துச்சு. அப்போ அவர் போனது வீணா? சொல்லுங்க, வீணா?

நாளைக்கு நீங்களும் ஒரு மருந்து கொடுத்துட்டு, டியூட்டி முடிஞ்சு பஸ் ஸ்டாப்புல நிப்பீங்க. திடீர்னு சந்தேகம் வரும்... அளவு சரிதானா? பக்கத்துல நிக்கிறவ சொல்லுவா, "சரியாத்தான்டி கொடுத்திருப்ப, பஸ் வருது வா." பஸ் போகட்டும். நீங்க திரும்பிப் போங்க. பத்துல ஒம்பது தடவை எல்லாம் சரியாத்தான் இருக்கும். டாக்டர் சிரிப்பார்... சிரிக்கட்டும்! கட்டில்ல கிடக்கிற மனுஷன் உங்களைப் பார்ப்பார். நமக்காக ஒருத்தி பஸ்ஸை விட்டுட்டு வந்தாளேன்னு நினைப்பார். அந்த தைரியத்தை எந்த மருந்துக் கடையிலயும் வாங்க முடியாதும்மா... நீங்கதான் கொண்டு போய்க் கொடுக்கணும்.