பக்கத்துக் கிணறு

— சோலார்ப் பலகை பழுதில்லை, மோட்டர் பழுதில்லை. பிறகேன் சிவகரன் அண்ணை உங்கடை பம்பு ரெண்டு கிழமையா ஓடேல்லை?

— முதல் இந்த வேம்புக்குக் கீழை வாரும் பிள்ளை. வெய்யில் கொளுத்துது.

— கதையை மாத்தாதேங்கோ. எங்கடை கொம்பனிக் கந்தோர்க் கம்பியூட்டரிலை இந்தத் தோட்ட வெளியிலை உங்கடை பம்பு மட்டும் செத்துப்போச்செண்டு காட்டுது. தயாளினி பூட்டின பம்பு நிண்டுபோச்சாமெண்டு ஊரிலை என்னைப் பற்றிக் கதை வந்தால் பிறகு ஆர் எங்களைத் தேடி வரப்போகினம்?

— பழுதில்லை, கண்டீரோ. நான்தான் வயரைக் கழட்டினனான்.

— உங்களுக்கென்ன விசரே? வெங்காயம் பருக்கிற நேரம். தாளெல்லாம் தண்ணியில்லாமல் வாடிக் கிடக்கு.

— தெரியும். நான் நட்ட வெங்காயம்தானே.

— தெரிஞ்சுகொண்டோ கழட்டினனீங்கள்?

— அந்தா, வேலிக்கங்காலை தெரியுதே, அது மீனாம்பிகை அக்காவின்ரை கிணறு. இந்த ஒழுங்கையிலை அத்தினை வீடும் குடிக்கிறது அந்தத் தண்ணியைத்தான். போன மாசம் ஒரு வாய் வைச்சன், துப்பிப்போட்டன். உப்பு. குடிச்சு வளந்த தண்ணி பிள்ளை.

— தொண்டைமானாற்றுக் கடல்நீரேரி பக்கத்திலைதானே. கொஞ்சம் உவர் இருக்கும்.

— எனக்குச் சாட்டுச் சொல்லாதையும்.

— சரி, சொல்லேல்லை. இந்தச் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளை நல்ல தண்ணி உப்புத் தண்ணிக்கு மேலைதான் மிதக்குது. மேலாலை கூட இழுத்தால் கீழாலை உப்பு ஏறும். நானும் படிச்சனான்தான். அதுக்காக? மண்ணெண்ணைக் கானைத் தூக்கிக்கொண்டு விடிய விடிய வரிசையிலை நிண்டதை மறந்திட்டியளோ? மிளகாய்க் கண்டெல்லாம் கருகினதை? இந்தப் பம்பு வந்த பிறகுதானே தலை நிமிந்தனீங்கள்! புகையில்லை, சத்தமில்லை.

— மறக்கேல்லை. பூட்டின அண்டைக்குப் பலகைக்குச் சந்தனம் வைச்சுக் கும்பிட்டவன் நான். பிழை பம்பிலை இல்லை எண்டுறன். முந்தி எண்ணெய் விலைக்குப் பயந்து எல்லாரும் அளவா இறைச்சம். ஒருத்தன் விடிய, ஒருத்தன் பின்னேரம். கிணறு ஊற நேரம் கிடைச்சுது. இப்ப வெய்யில் உச்சிக்கு வந்தால் வெளி முழுக்க ஒரே நேரத்திலை இறைக்குது. சும்மா வாற தண்ணியெண்டு வாய்க்கால் நிரம்பி ஒழுங்கையிலை ஓடுது, ஏனெண்டு கேக்க ஒருத்தரில்லை.

— அப்ப முறை வையுங்கோவன். ஆளுக்கொரு நாள். நீங்கள் எல்லாரும் ஓமெண்டால், நான் கந்தோரிலை இருந்துகொண்டே பம்புகளை நிப்பாட்டுவன், ஓட விடுவன்.

— தோட்டக்காரர் சங்கத்திலை கேட்டனான். “உமக்குக் கவலையெண்டால் உம்மடை பம்பை நிப்பாட்டும்” எண்டு சிரிச்சாங்கள். எனக்கு ரோசம் வந்திட்டுது. வந்து நிப்பாட்டிப்போட்டன்.

— ரோசம் சோறு போடுமே, அண்ணை? இவ்வளவு பேர் இறைக்கேக்கை ஒராள் நிப்பாட்டி என்ன வரப்போகுது?

— மற்றக் கிணறுகளை நான் காப்பாத்தேலாது. ஆனால் என்ரை கிணறும் அக்காவின்ரை கிணறும் ஒரே ஊத்து. அது ஒண்டாவது தப்பட்டும்.

— உங்கடை வீட்டிலை என்ன சொல்லுகினம்?

— மனுசி கதைக்கிறேல்லை. விடும். நேற்றுப் பின்னேரம் வேலிப் பொட்டுக்காலை பூந்து போய் அக்காவின்ரை கிணத்திலை ஒரு வாளி அள்ளிக் குடிச்சுப் பாத்தன். சத்தியமா, பழைய தண்ணி! இனிச்சுது. கிணத்துக்கட்டிலை இருந்து அழுதிட்டன். வெங்காயம் போனால் போகட்டுமெண்டு அப்பதான் மனம் வந்துது.

— உண்மையா இனிச்சுதோ, அண்ணை?

— ஓம் எண்டுறன். ஒழுங்கையிலை நிக்கிற உம்மடை வானையே ஏன் பாக்கிறீர்? நான் சொன்னது பிழையோ?

— பிழையில்லை, அண்ணை. நீங்கள் செய்தது சரி. ஆனால் ஒண்டு சொல்லவேணும்.

— என்ன பிள்ளை, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?

— மீனாம்பிகை அக்கா போன வருசமே எங்களிட்டைப் பம்புக்குப் பதிஞ்சு வைச்சவ. பிறகு தண்ணி உப்பாப் போச்சு, வேண்டாமெண்டிட்டா.

— அது எனக்குத் தெரியாதே. சரி, அதுக்கென்ன இப்ப?

— இண்டைக்கு விடிய போன் எடுத்தவ. கிணறு திருந்திட்டுதாம், இனித் தானும் வெங்காயம் வைக்கலாமாம். அவவின்ரை பம்பு என்ரை வானுக்குள்ளை கிடக்கு, அண்ணை.