நாலாம் தேதி கட்டுகிறவர்

லேப்காரம்மா: கதவைச் சாத்திடாதீங்க. நான் கடன் வசூல் பண்ண வந்தவ இல்லைங்க.

பார்சல்காரம்மா: கையில ஃபைலோட வர்றவங்க எல்லாரும் முதல்ல அதைத்தான் சொல்றாங்க.

லேப்காரம்மா: ரத்தப் பரிசோதனை லேப்ல வேலை பாக்கறேன். ஊசி குத்தறதுதான் என் தொழில். அரை நாள் லீவு போட்டுட்டு வந்திருக்கேன். உங்க பேருதான் எனக்கும்.

பார்சல்காரம்மா: சரி. அதுக்கு?

லேப்காரம்மா: பொறந்த தேதியும் ஒண்ணு. வருஷமும்.

பார்சல்காரம்மா: ம்... அதுக்கு?

லேப்காரம்மா: அப்பா பேரோட முதல் எழுத்தும்.

பார்சல்காரம்மா: அம்மா, வாசல்ல நிக்கிற ஸ்கூட்டரைப் பாருங்க. இன்னும் பதினாறு பார்சல் இருக்கு. சாயங்காலத்துக்குள்ள கொடுத்து முடிக்கணும். ஜாதகம் பொருத்தம் பாக்கற மாதிரி பேசிட்டிருந்தா நான் எப்ப கிளம்பறது?

லேப்காரம்மா: நேராவே சொல்லிடறேன். கிரெடிட் ரிப்போர்ட் கம்பெனி இருக்குல்ல, யாரு யாரு எவ்வளவு கடன் வாங்கினாங்க, ஒழுங்கா கட்டினாங்களான்னு குறிச்சு வெச்சு பேங்குக்குச் சொல்றவங்க... அவங்க ஃபைல்ல நாம ரெண்டு பேரும் ஒரே ஆளு. இந்த ஸ்கூட்டர் கடன் என் பேர்ல நிக்குது.

பார்சல்காரம்மா: ...உள்ள வாங்க. செருப்பு இருக்கட்டும், தரை ஒண்ணும் சுத்தமா இல்ல.

மாமியார்: யாரு வந்திருக்கா? அவன் அனுப்பின ஆளா?

பார்சல்காரம்மா: இல்ல அத்தை. லேப்ல இருந்து வந்திருக்காங்க.

மாமியார்: போன மாசந்தானே ரத்தம் எடுத்தாங்க. எனக்கு வேணாம்னு சொல்லி அனுப்பு.

பார்சல்காரம்மா: உங்களுக்கு இல்ல அத்தை, எனக்கு. நீங்க படுங்க. ...அந்த அட்டைப்பெட்டியைத் தள்ளிட்டு உக்காருங்க. அட்ரஸ் எப்படிக் கிடைச்சுது?

லேப்காரம்மா: என் ரிப்போர்ட்ல. நான் முன்னாடி குடியிருந்த வீடுன்னு இந்த வீட்டைப் போட்டிருக்கான். இந்தத் தெருப்பக்கம் இன்னிக்குத்தான் முதல் தடவை வர்றேன்.

பார்சல்காரம்மா: உங்க வீடு எங்கேன்னு என் ரிப்போர்ட்ல இருக்குமோ?

லேப்காரம்மா: இருக்கும். அந்த வீட்டுக்காகத்தான் வந்திருக்கேன். பதினொரு வருஷமா வாடகைக்கு இருக்கேன். ஆறு மாசம் முன்னாடி வீட்டு ஓனர் விக்கப்போறேன்னாரு. வெளியாளுக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி நீயே வாங்கிக்கறியாம்மான்னு கேட்டாரு. டைம் கேட்டு கேட்டு, இந்த மாசக் கடைசி வரைக்கும் கொடுத்திருக்காரு. பேங்குக்குப் போனா மேனேஜர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டறாரு. ஸ்கூட்டர் தவணை கட்டலயாம். எனக்கு ஸ்கூட்டரே ஓட்டத் தெரியாது சார்னேன்.

பார்சல்காரம்மா: என்ன சொன்னாரு?

லேப்காரம்மா: ஓட்டத் தெரியாட்டியும் கட்டணும்ல அம்மான்னாரு.

பார்சல்காரம்மா: அந்த ரிப்போர்ட் கம்பெனிக்கு ஃபோன் போட்டுக் கேக்க வேண்டியதுதானே?

லேப்காரம்மா: போடாமலா? ஒண்ணை அழுத்து, ஏழை அழுத்து, மறுபடி ஒண்ணை அழுத்து. நாப்பது நிமிஷம் ஒரே பாட்டு. உங்கள் பொறுமைக்கு நன்றின்னு நடுவுல ஒருத்தி சொல்லிட்டே இருப்பா. நன்றி சொல்றதுக்கு மட்டும் அங்க ஆள் இருக்கு.

பார்சல்காரம்மா: கடைசியில யாராவது எடுத்தாங்களா?

லேப்காரம்மா: எடுத்தாங்க. நீங்க நீங்கதானான்னு பாக்கணும், கேள்விக்குப் பதில் சொல்லுங்கன்னாங்க. முதல் கேள்வியே, உங்க ஸ்கூட்டர் என்ன கலரு.

பார்சல்காரம்மா: அய்யோ.

லேப்காரம்மா: என்கிட்ட ஸ்கூட்டர் இல்லைன்னேன். தப்பான பதில்னாங்க. அடுத்த தடவை கூப்பிட்டு சிவப்புன்னேன். மூணாவது தடவை கறுப்பு. மூணு தப்பு ஆயிட்டதால முப்பது நாளைக்கு லாக் பண்ணிட்டாங்க. இப்ப வாசல்ல பாத்தேன்... சாம்பல்.

பார்சல்காரம்மா: வாங்கும்போது அது நீலம். வெயில்ல நின்னு நின்னு இப்படி ஆயிடுச்சு. நானே அந்தக் கேள்வியில ஃபெயிலாயிருப்பேன்.

லேப்காரம்மா: எழுத்துல மூணு புகார் கொடுத்தேன். மூணுக்கும் ஒரே பதில். சரிபார்த்தோம், விவரங்கள் சரியாக உள்ளன. எப்படிச் சரிபார்க்கறாங்க தெரியுமா? ஃபைனான்ஸ்காரங்களைக் கேப்பாங்க. அவங்க பேரு சரி, தேதி சரிம்பாங்க. நான் ஃபைனான்ஸ் ஆபீஸுக்கு நேர்ல போனா, இது ரிப்போர்ட் கம்பெனி வேலை, அங்க போங்கம்பாங்க. ஆறு மாசம் ஓடிப்போச்சு. லேப்ல என் லீவெல்லாம் தீந்து, சம்பளத்துல பிடிக்க ஆரம்பிச்சுட்டாங்க.

பார்சல்காரம்மா: எனக்கும் ஒரு கூத்து நடக்குதுங்க. இப்பதான் புரியுது. தினம் ஒருத்தன் ஃபோன் பண்றான். மேடம், உங்க கிரெடிட் ஸ்கோர் பிரமாதம், கார் லோன் தரட்டுமாங்கறான். பார்சலைத் தூக்கிட்டு மூணாவது மாடி ஏறிட்டிருக்கும்போது.

லேப்காரம்மா: அது நான் இருபது வருஷமா ஒழுங்கா கட்டினது. உங்களுக்குப் போயிட்டிருக்கு.

பார்சல்காரம்மா: என் அழுக்கு உங்களுக்கு, உங்க வெளுப்பு எனக்கா... மன்னிச்சுக்குங்க அக்கா.

லேப்காரம்மா: அக்காவா? ஒரே நாள்ல பொறந்துட்டு என்ன அக்கா?

பார்சல்காரம்மா: நீங்க எத்தனை மணிக்குப் பொறந்தீங்க?

லேப்காரம்மா: விடியக்காலைன்னு அம்மா சொல்லுவாங்க.

பார்சல்காரம்மா: நான் சாயங்காலம். அப்ப அக்காதான். இப்ப நான் என்ன பண்ணணும்? சொல்லுங்க.

லேப்காரம்மா: இந்த ஃபார்ம்ல ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். நாங்கள் இருவரும் ஒருவர் அல்லன்னு. அப்புறம் ஐடி கார்டைக் கையில பிடிச்சுக்கிட்டு, ரெண்டு பேரும் ஒரே போட்டோவுல நிக்கணுமாம். அப்பதான் நம்புவாங்களாம்.

பார்சல்காரம்மா: அதையும் பாத்துட்டு, இரட்டைப் பிள்ளைங்கன்னு சொல்லிடப்போறாங்க.

லேப்காரம்மா: சொன்னாலும் சொல்லுவாங்க. ...இன்னொரு விஷயமும் உங்ககிட்ட பேசணும். முதல்ல இதை முடிச்சுக்குவோம்.

பார்சல்காரம்மா: அக்கா, அந்த மூணு மாசம் வேணும்னு கட்டாம விட்டது இல்ல. என் வீட்டுக்காரரு வீட்டை விட்டுப் போயிட்டாரு. சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல. வேலைக்குப் போறேன்னு போனவருதான். அப்ப நான் இந்த வேலைக்கு வரல. வண்டியைத் தூக்கிட்டுப் போக ரெண்டு பேர் தினமும் வந்து நிப்பாங்க.

லேப்காரம்மா: இப்ப ஒழுங்கா போயிட்டிருக்கே. நாலாம் தேதி தவறாம.

பார்சல்காரம்மா: நாலாம் தேதின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

லேப்காரம்மா: ரிப்போர்ட்ல... எல்லாம் இருக்கும். பழைய பாக்கி மட்டும் கறையா நிக்குது. அதைத்தான் பேங்குல பாக்கறாங்க.

மாமியார்: என் பையன் கட்டறான்மா அது.

பார்சல்காரம்மா: அத்தை, ஏன் எழுந்து வந்தீங்க?

மாமியார்: லேப்காரங்கன்னா, நாலாம் தேதியைப் பத்தி என்ன பேச்சு? ஏம்மா, நீ அவனைப் பாத்தியா?

லேப்காரம்மா: இல்லைங்கம்மா.

மாமியார்: பாத்தா சொல்லு. எங்கயோ இருந்துக்கிட்டு கட்டறான். மூணு மாச பாக்கியை ஒரே நாள்ல கட்டினான். அதுக்கப்புறம் நாலு மாசமா நாலாம் தேதி தப்பல. கோவம் இருக்கும். இருக்கட்டும். வீட்டை மறக்கலல்ல?

லேப்காரம்மா: ...மறக்கலைங்கம்மா.

மாமியார்: அவனுக்கு எப்பவும் தேதி கணக்கு சுத்தம்.

பார்சல்காரம்மா: கட்டில்ல போய் உக்காருங்க அத்தை. அப்புறம் கூப்பிடறேன். உங்களுக்கு ஒரு வேலை இருக்கு. ...தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. அதுக்கு முன்னாடி தினம் சாயங்காலம் பஸ் ஸ்டாப்ல போய் நின்னுடுவாங்க. மழைன்னாலும் நிப்பாங்க. நான் வண்டியில போய் இவங்களை ஏத்திக்கிட்டு வருவேன். பணம் கட்ட ஆரம்பிச்சப்புறம்தான் போறதை விட்டாங்க. சாப்பாடும் இறங்குது.

லேப்காரம்மா: நீங்களும்... அவருதான் கட்டறாருன்னு நினைக்கிறீங்களா?

பார்சல்காரம்மா: வேற யாரு கட்டுவா? யாருக்கு என் வண்டி மேல அக்கறை?

லேப்காரம்மா: அதுவும் சரிதான்.

பார்சல்காரம்மா: இன்னொரு விஷயம்னீங்களே?

லேப்காரம்மா: அதுவா... மறந்துபோச்சு. இந்த ஃபார்மும் இன்னிக்கே வேணும்னு இல்ல. இன்னொரு நாள் வர்றேன். உங்களுக்கும் பார்சல் இருக்கு.

பார்சல்காரம்மா: மாசக் கடைசிக்கு இன்னும் எத்தனை நாள்?

லேப்காரம்மா: பதினொண்ணு. பேங்குக்குப் பத்து நாள் வேணும்.

பார்சல்காரம்மா: அப்ப இன்னொரு நாள் எங்க இருக்கு? உக்காருங்க அக்கா. பேனா கொடுங்க.

லேப்காரம்மா: நிஜமாத்தான் சொல்றேன்... நம்ம கணக்கைப் பிரிச்சா உங்களுக்கு ஏதாவது நஷ்டம் வரலாம். யோசிச்சுக்குங்க.

பார்சல்காரம்மா: கார் லோன்காரன் ஃபோன் பண்ணமாட்டான். அவ்வளவுதானே? பேனா.

லேப்காரம்மா: ...இந்தாங்க.

பார்சல்காரம்மா: பேரு. ரெண்டு இடத்துலயும் ஒரே பேரை எழுதறதுக்கு எனக்கே சிரிப்பு வருது. பொறந்த தேதி, மறுபடி அதே. உங்க ஃபோன் நம்பர் சொல்லுங்க.

லேப்காரம்மா: தொண்ணூத்தாறு, இருபத்தொண்ணு, எழுபது... அப்புறம் நாப்பத்தெட்டு, நாப்பத்தெட்டு.

பார்சல்காரம்மா: கடைசி நாலு இன்னொரு தடவை.

லேப்காரம்மா: நாலு எட்டு நாலு எட்டு.

பார்சல்காரம்மா: நாப்பத்தெட்டு... நாப்பத்தெட்டு.

லேப்காரம்மா: என்ன? பேனா எழுதலயா?

பார்சல்காரம்மா: எழுதுது. நம்பரைச் சரியா எழுதணும்ல. இங்கதானே கையெழுத்து? ...ம். போட்டாச்சு. அத்தை, கொஞ்சம் வாங்க. போட்டோ எடுக்கணும்.

மாமியார்: நானா? எனக்கு எங்க எடுக்கத் தெரியும்?

பார்சல்காரம்மா: இந்த வட்டத்தை அழுத்தினா போதும். நாங்க ரெண்டு பேரும் கார்டைப் பிடிச்சுக்கிட்டு நிப்போம். அக்கா, இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க. ரெண்டு பேரும் தெரியறோமா அத்தை?

மாமியார்: ஒருத்திதான் தெரியறா. இன்னொருத்திக்குக் கை மட்டும் இருக்கு.

லேப்காரம்மா: ஆறு மாசமா எல்லாரும் அதைத்தான் சொல்றாங்கம்மா.

பார்சல்காரம்மா: பின்னாடி நகருங்க அத்தை. இன்னும். கட்டில் இடிக்கப்போகுது, பாத்து. இப்ப?

மாமியார்: இப்ப ரெண்டு பேரும் இருக்கீங்க. ஏன்டி, உன் கண்ணு ஏன் இப்படி இருக்கு? தூசியா?

பார்சல்காரம்மா: அட்டைப்பெட்டி தூசி அத்தை. அழுத்துங்க.

மாமியார்: அழுத்திட்டேன். நல்லாத்தான் வந்திருக்கு. அவன் வந்தா காட்டணும், அழிச்சுடாத.

பார்சல்காரம்மா: அழிக்கல. நீங்க போய்ப் படுங்க. நான் இவங்களை வாசல் வரைக்கும் விட்டுட்டு, அப்படியே பார்சலுக்குக் கிளம்பறேன்.

லேப்காரம்மா: வர்றேன்மா. உடம்பைப் பாத்துக்குங்க.

மாமியார்: அவனை எங்கயாவது பாத்தா...

லேப்காரம்மா: சொல்றேன்மா.

பார்சல்காரம்மா: படி வழுக்கும், பாத்து இறங்குங்க. ...வாசல் கேட் கிட்ட வந்துடுங்க. அங்க பேசினா உள்ள கேக்காது.

லேப்காரம்மா: என்ன?

பார்சல்காரம்மா: வர்ற நாலாம் தேதி கட்டிடாதீங்க அக்கா.

லேப்காரம்மா: ...எதை?

பார்சல்காரம்மா: நான் கட்டிக்கிறேன். அத்தைகிட்ட வழக்கம்போல அவரு கட்டிட்டாருன்னு சொல்லிடறேன். நீங்க கட்டின ஏழு தவணையையும் கொஞ்சம் கொஞ்சமா திருப்பித் தர்றேன். ஒரேயடியா முடியாது.

லேப்காரம்மா: அதைச் சொல்லிக் கேக்கத்தான் வந்தேன். உங்க அத்தை பேசினதும் வாய் வரல. எனக்கு ஓய்ஞ்சு போச்சுமா. பாக்கியைக் கட்டிடு, நாலு மாசம் ஒழுங்கா போனா ஸ்கோர் ஏறிடும்னு மேனேஜர் சொன்னாரு. லீவு போட்டு அலையறதை விட உன் தவணை கம்மியா இருந்துச்சு. கடன் நம்பர் ரிப்போர்ட்லயே இருந்தது. என் கடனுன்னே நினைச்சுக் கட்டினேன்... உனக்கு எப்படித் தெரிஞ்சுது?

பார்சல்காரம்மா: ரெண்டாவது மாசமே ஃபைனான்ஸ் ஆபீஸ்ல கெஞ்சி ரசீது வாங்கிட்டேன். கட்டினவங்க பேருன்னு என் பேரே இருந்துச்சு. கீழ ஒரு ஃபோன் நம்பர். நாப்பத்தெட்டு நாப்பத்தெட்டு. அவரோட புது நம்பரா இருக்கும்னு மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தேன்.

லேப்காரம்மா: நம்பர் கையில இருந்தும் ஒரு தடவைகூட ஏன்மா கூப்பிடல?

பார்சல்காரம்மா: கூப்பிட்டா வேற யாராவது எடுத்துடுவாங்கல்ல அக்கா. அத்தைக்காகத்தான் கூப்பிடாம இருக்கேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்... பஸ் ஸ்டாப்ல நிக்காம நானுந்தான் அவருக்காக நின்னுட்டிருந்தேன்.