செத்தாத்தான் பேர் வைப்பாங்க

கிளியோஃபஸ்: தொப்பி வலையை இன்னும் கொஞ்சம் இறக்குங்க டீச்சர். மூக்கு தெரியுது.

ஜெனோபியா: தெரியட்டுமே. தொண்ணூத்தெட்டு வருஷமா அங்கதான இருக்கு.

கிளியோஃபஸ்: அதான் வம்பே! சவான்னா ஊருல இந்த மூக்கு யாருக்குத் தெரியாது? பாதி ஊருக்கு நீங்கதான் எழுத்து சொல்லிக் குடுத்தீங்க.

ஜெனோபியா: மீதிப் பாதி?

கிளியோஃபஸ்: உங்க கதை கேட்டுக் கெட்டுப்போச்சு... குனிங்க, குனிங்க! பாதிரியார் வர்றாரு!

ஜெனோபியா: கார் சீட்டுக்கு அடியில ஒளியற வயசாடா இது? ...போயிட்டாரா?

கிளியோஃபஸ்: போயிட்டாரு. இங்க பாருங்க. பள்ளிக்கூடத்துக்குள்ள போனா நீங்க ஜெனோபியா இல்ல. சிகாகோவுலேருந்து வந்த தங்கச்சி, லவீனியா.

ஜெனோபியா: அப்ப நான் எங்கடா?

கிளியோஃபஸ்: நீங்க... வந்து... போன மாசம் காலமாயிட்டீங்க.

ஜெனோபியா: அடப்பாவி! எப்படி?

கிளியோஃபஸ்: தூக்கத்துல. நிம்மதியா.

ஜெனோபியா: சே, உப்பு சப்பில்லாத சாவு. ஒரு முதலையாவது கடிச்சிருக்கலாம்.

கிளியோஃபஸ்: சிரிக்காதீங்க! உயிரோட இருக்கறவங்க பேரைப் பள்ளிக்கூடத்துக்கு வைக்கக் கூடாதுன்னு பள்ளிக்கூட நிர்வாக போர்டுல சட்டம். நீங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சா, வாசல்ல மாட்டின உங்க பேர்ப் பலகையை இப்பவே கழட்டிட்டு பிக்கெட் பேரை மாட்டிருவாங்க.

ஜெனோபியா: எந்தப் பிக்கெட்? நம்ம கறுப்புப் பிள்ளைங்க கால் வைக்கக் கூடாதுன்னு லைப்ரரியைப் பூட்டினானே, அவனா?

கிளியோஃபஸ்: அவனேதான்.

ஜெனோபியா: அவனுக்கு என்னடா தகுதி?

கிளியோஃபஸ்: செத்துட்டான்.

ஜெனோபியா: நல்லாருக்கு நியாயம்! அவன் பூட்டினதாலதான் மரத்தடியில முயலையும் முதலையையும் பேச வெச்சேன். நம்ம பிள்ளைங்க முகம் எந்தப் புத்தகத்துலயும் இல்லன்னு நானே எழுதி, நானே படம் போட்டேன். இந்த ஊருக்கு முதல் கறுப்பு ஹெட்மிஸ்ட்ரஸ் ஆனேன். இதெல்லாம் பத்தாது, சாகவும் வேணுமாக்கும்? நீயும் போர்டுல இருக்கியே, என்ன பண்ணினே?

கிளியோஃபஸ்: உங்க ஆத்மா சாந்தியடையணும்னு எந்திரிச்சு நின்னேன்.

ஜெனோபியா: எழுபது வயசாகியும் உன் குறும்பு போகல.

கிளியோஃபஸ்: ஐயோ... மைக்ல கூப்பிடறாங்க! லவீனியா வந்து அக்காவோட கதை ஒண்ணு சொல்லணுமாம்!

ஜெனோபியா: சொல்லிட்டாப் போச்சு.

கிளியோஃபஸ்: முயல் குரல் மட்டும் வேண்டாம்! அதைக் கேட்டா நாப்பது தாண்டினது பூரா எந்திரிச்சு பதில் பாட்டு பாடும். குட்டு உடைஞ்சிரும்.

ஜெனோபியா: முயல் இல்லாம என்னடா கதை! ...அது கெடக்கட்டும். நான் செத்துட்டேன்னு போர்டுக்கு யாரு சொன்னா?

கிளியோஃபஸ்: உங்க தங்கச்சி போன் பண்ணி அழுதாங்களாம்.

ஜெனோபியா: எனக்கு ஏதுடா தங்கச்சி?

கிளியோஃபஸ்: அதத்தான் நானும்...

ஜெனோபியா: "ஐயோ... எங்கக்கா போயிட்டாளே... உலுக்கி உலுக்கி எழுப்பினேனே..."

கிளியோஃபஸ்: ...டீச்சர்!

ஜெனோபியா: என்ன முழிக்கிறே? முதலைக்குக் குரல் குடுத்தவளுக்குத் தங்கச்சி குரல் வராதா? போனை எடுத்தவன்தான் பாவம். வாயைப் பொத்திக்கிட்டு அப்படிக் குலுங்கிக் குலுங்கி அழுதான்டா.

கிளியோஃபஸ்: எங்க அழுதேன் டீச்சர்? சிரிப்பை அடக்க வேற வழி தெரியல.